ஏரிக்கரைக் கிராமத்தில் கைக்குழந்தையோடு

2017 ஜூன் மாதம் நாங்கள் மலாவி நாட்டுக்கு ஊழியத்திற்குப் போனபோது எங்கள் மகனுக்கு நான்கு மாதம் நிரம்பியிருந்தது. தலைநகர் லிலோங்வேயிலிருந்து கிழக்கே சலிமா வரை தார்ச்சாலை. அங்கிருந்து மலாவி ஏரியை ஒட்டி வடக்கே ங்கோட்டகோட்டாவுக்குச் செல்லும் சாலையில் பாதி தூரம் போய், மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவே ஒரு மண் பாதையில் திரும்பினால் எங்கள் கிராமம். கிராமச் சபைகளின் மூப்பர்களுக்கு வேதபாடம் கற்பிப்பது என் கணவரின் பொறுப்பு. பெண்கள் கூட்டமும் சிறுவர் பள்ளியும் என் பொறுப்பு. திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர்களுக்கு மிஷனெரி என்ற சொல் புதிதல்ல. 1903-ல் அங்கே இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கிய நாள் முதல், வெளியூர் ஊழியத்திற்குப் போனவர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள்தான் நாங்கள். ஆனால் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறவள் எதையெல்லாம் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பதை எந்தக் கூட்டத்திலும் யாரும் சொல்லித் தந்ததில்லை. இப்போது பயணத்திற்கு ஆயத்தமாகும் இளம் குடும்பங்கள் என்னிடம் அதைத்தான் கேட்கின்றன. நாங்கள் சரியாகச் செய்தவற்றோடு, நான் செய்த ஒரு பெரிய தவறையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

போய் இறங்கிய முதல் வாரத்தில் ஊரார் எங்களிடம் கேட்டது ஒரே கேள்விதான்: கடை எங்கே? வெள்ளைக்காரர்களை அங்கே அஸுங்கு என்பார்கள். இந்தியர்களை அம்வென்யே என்பார்கள். மலாவியின் நகரங்களில் தலைமுறைகளாக வியாபாரம் செய்யும் இந்தியக் குடும்பங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, அம்வென்யே ஒருவன் சரக்கில்லாமல் கைக்குழந்தையோடும் வேதாகமத்தோடும் கிராமத்துக்கு வருவது விளங்கவில்லை. அந்த முதல் மாதத்தில் எங்களுக்காகப் பேசியது என் மகன்தான். குழந்தையைப் பார்க்க வருகிறவர்களுக்குக் காரணம் வேண்டியதில்லை அல்லவா?

அப்படி வந்தவர்களில் முதலாமவர் பக்கத்து வீட்டு மூதாட்டியான அகோகோ. சிச்சேவா மொழியில் பாட்டியையும் தாத்தாவையும் ஒரே சொல்லால் அகோகோ என்றே அழைப்பார்கள். வாசலில் நின்று "ஓடி, ஓடி" என்று குரல் கொடுத்து, உள்ளிருந்து பதில் வந்த பிறகே அவர் படியேறுவார். படியேறிய பிறகு அனுமதி கேட்கும் வழக்கம் அவரிடம் கிடையாது. ஜூன், ஜூலை அங்கே குளிர்காலம். நம் ஊர் மார்கழியைவிட அது ஒன்றும் பெரிய குளிரல்ல. ஆனாலும் மகனின் வெறுந்தலையைப் பார்த்துவிட்டு, கம்பளித் தொப்பி இல்லாமல் குழந்தையை வெளியே எடுத்த தாயை அவர் என்னவெல்லாம் சொல்லித் திட்டினார் என்பது மொழி தெரியாத எனக்கே புரிந்தது. என் ஆச்சியும் இதைத்தான் செய்திருப்பார்.

குழந்தையை முதுகில் கட்டக் கற்றுத்தந்ததும் அவர்தான். இரண்டு மீட்டர் நீளமுள்ள சித்தெஞ்சே என்ற பருத்தித் துணி அதற்குப் போதும். முதுகு தரைக்கு இணையாகும் வரை குனிந்து, குழந்தையைக் குப்புறப் படுக்க வைத்து, அதன் கால்கள் நம் இடுப்பின் இரு பக்கமும் வரும்படி விரித்துக்கொள்ள வேண்டும். துணியை அதன் மேல் போர்த்தி, ஒரு முனையைத் தோளுக்கு மேலாகவும் மறுமுனையை அக்குளுக்குக் கீழாகவும் கொண்டுவந்து, நிமிர்வதற்கு முன்பே மார்பில் இறுக்கி முடிய வேண்டும். குழந்தையின் எடையைத் தாங்குவது முடிச்சு மட்டுமல்ல. அதன் பிட்டத்துக்குக் கீழே துணியை உள்ளே மடித்துச் செருகும் மடிப்பும்தான். நான் அந்த மடிப்பைச் சரியாகப் போடுவதற்கு மூன்று வாரம் ஆயிற்று. இந்தியாவிலிருந்து விலை கொடுத்து வாங்கிச் சென்ற பெல்ட் பை அதன் பிறகு பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. புறப்படுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: அந்தப் பணத்தில் நல்ல கொசுவலை இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆக, அகோகோ சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை நான் கேட்டேன். கேட்கக் கூடாத ஒன்று முதல் வாரமே வந்தது. ஏதோ ஒரு மரத்தின் வேரை ஊற வைத்த தண்ணீரைச் சிறிய எனாமல் குவளையில் கொண்டுவந்து, குழந்தையின் உச்சிக்குழி சீக்கிரம் மூடவும் வயிறு உறுதிப்படவும் இதை நாள்தோறும் இரண்டு கரண்டி புகட்ட வேண்டும் என்று சைகையால் விளக்கினார். ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். வேர் எதுவென்றும் தெரியாது, தண்ணீர் எந்தக் குழியில் எடுத்தது என்றும் தெரியாது. ஆனால் வந்த ஒரே வாரத்தில் ஊர்ப் பெரியவரின் மனத்தைப் புண்படுத்த எனக்குத் துணிவில்லை. இரு கைகளையும் குவித்து வாங்கி, "ஸிகோமோ" என்று நன்றி சொல்லி, அவர் போனதும் கொல்லையில் பப்பாளி மரத்தடியில் ஊற்றிவிட்டு, குவளையைக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த வாரமும் கொண்டுவந்தார், அதையும் ஊற்றினேன். குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்த பிறகும் இது தொடர்ந்தது. பப்பாளி நன்றாகக் காய்த்தது என்று நானும் என் கணவரும் வேடிக்கையாகப் பேசிக்கொண்டோம்.

தண்ணீரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கைப்பம்பு உள்ள ஆழ்துளைக் கிணற்று நீரை எடுத்து, நன்றாகக் கொதிக்க வைத்து, மூடியுள்ள பாத்திரத்தில் ஆற வைத்தால் போதும். ஆனால் ஏரி நீர் விஷயம் வேறு. மலாவி ஏரியின் கரையோர நீரில் நத்தைகளிலிருந்து வெளிப்படும் பில்ஹார்சியா புழு, தோலைத் துளைத்துக்கொண்டு உடலுக்குள் போய்விடும். குடித்தால்தான் நோய் வரும் என்பதில்லை, குளிப்பாட்டினாலே போதும். ஆகவே எவ்வளவு வெயிலானாலும் குழந்தையை ஏரியில் இறக்காதீர்கள். வேறு நீர் இல்லாவிட்டால், இரண்டு நாள் தொட்டியில் தேக்கி வைத்த பிறகோ கொதிக்க வைத்த பிறகோ குளிப்பாட்டலாம்.

ஆறு மாதம் முடிந்து கட்டி ஆகாரம் தொடங்கும் வேளையில், வாரத்துக்கு ஒருமுறை மேட்டின் மேல் ஏறி நின்றால் கிடைக்கும் தொலைபேசிச் சிக்னலில் அம்மா கேட்டார்: "ஏளா, அங்கன கேப்பை கிடைக்குமா?" கிடைக்காது என்றுதான் நினைத்தேன். சந்தையில் ஒரு மூலையில், துணி விரிப்பின் மேல் சிவந்த பொடித் தானியத்தைக் குவித்து வைத்திருந்த பெண்ணிடம் கை நிறைய அள்ளிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது கேழ்வரகேதான். அங்கே அதற்கு மாவெரே என்று பெயர். உண்மையில் கேழ்வரகின் தாயகமே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலங்கள்தான். அங்கிருந்துதான் பழங்காலத்தில் நம் நாட்டுக்கு வந்தது. நான் இரண்டு கிலோ கேட்டதும் அந்தப் பெண் சிரித்தார், சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். அந்தப் பக்கத்தில் மாவெரேயை முளைக்கட்டி உலர்த்துவது பெரும்பாலும் மது காய்ச்சுவதற்காக. போதகர் மனைவி மது காய்ச்சத் தானியம் வாங்கிப் போனாள் என்ற செய்தி, நான் வீடு வந்து சேர்வதற்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது. அன்று மாலை கேழ்வரகை ஊற வைத்து, அகோகோவின் மர உரலில் இடித்து, துணியில் பால் பிழிந்து, கஞ்சி கிண்டி, பார்க்க வந்த எல்லோர் முன்னிலையிலும் மகனுக்கு ஊட்டிக் காட்டித்தான் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள முடிந்தது.

பிறகு அவர்களிடம் நானும் கற்றேன். பாலா என்ற மக்காச்சோளக் கஞ்சியில் இடித்த நிலக்கடலை மாவைச் சேர்ப்பார்கள். ஏரியில் பிடித்து உலர்த்திய, நெத்திலி போன்ற உசிப்பா மீனை வறுத்துப் பொடித்துச் சலித்துச் சேர்ப்பவர்களும் உண்டு. டப்பாவில் அடைத்த குழந்தை உணவுக்காக மாதாமாதம் லிலோங்வே போகத் திட்டமிட்டிருந்த எங்களுக்கு அந்தப் பயணமே தேவைப்படவில்லை.

நவம்பரில் மழை தொடங்கியது. இஸ்திரிப் பெட்டியின் அருமை அப்போதுதான் தெரிந்தது. மாம்பழ ஈ என்று சொல்லப்படும் ஒரு வகை ஈ, ஈரத் துணியில், அதிலும் நிழலில் காயும் துணியில் முட்டையிடும். அந்தத் துணி உடம்பில் பட்டால், முட்டையிலிருந்து வெளிவந்த புழு தோலுக்குள் புகுந்து அங்கேயே வளரும். இது எங்களுக்கு முன்பே தெரியும். நம் ஊர்த் தெருமுனையில் பார்ப்பது போன்ற கரிப் பெட்டி ஒன்றை வாங்கி, அணையாடைகளை எல்லாம் தேய்த்தே வந்தோம். டிசம்பரில் ஒருநாள் கரி ஈரமாகிவிட்டது. இரண்டு அணையாடைகளை மட்டும் தேய்க்காமல் கட்டினேன். சில நாள் கழித்து மகனின் தொடையில் வேனற்கட்டி போல இரண்டு கட்டிகள். உற்றுப் பார்த்தபோது ஒவ்வொன்றின் நடுவிலும் ஊசிமுனை அளவு ஒரு கறுப்புப் புள்ளி. அந்தப் புள்ளி அசைந்தது. எனக்குக் கை கால் ஓடவில்லை. அகோகோ வந்து பார்த்தார். வாசலின் வெளிச்சத்தில் அமர்ந்து கட்டிகளின் மேல் வாஸ்லின் களிம்பை அப்பி, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பாடத் தொடங்கினார். காற்றுக்காகப் புழு தலையை வெளியே நீட்டியதும் இரு பக்கமும் விரலால் மெல்ல அழுத்தினார்; அரிசியைவிடச் சற்றுப் பெரிய வெள்ளைப் புழு வழுக்கிக்கொண்டு வந்தது. பிள்ளை அழக்கூட இல்லை, நான்தான் அழுதேன். தையல் ஓரங்களையும் இடுப்புப் பட்டையையும் இரண்டு முறை தேய்க்க வேண்டும். கரி இல்லாத நாளில் துணியை வீட்டுக்குள், கதவை அடைத்துக் காயப்போட்டு, இரண்டு வாரம் தொடாமல் வைத்துவிட வேண்டும்.

மலேரியா 2018 ஜனவரியில் வந்தது. வலை இருந்தது, மாலை ஐந்து மணிக்கே முழுக்கைச் சட்டை மாட்டினோம், ஊரிலிருந்தே மருத்துவர் எழுதித் தந்த வாராந்தர மாத்திரையும் கொடுத்து வந்தோம். எங்கே தவறினோம் என்று பிறகு கணக்குப் பார்த்தபோதுதான் தெரிந்தது: அந்த மாத்திரையின் அளவு குழந்தையின் எடைக்கேற்பக் கூட வேண்டும். ஆறு கிலோவில் தொடங்கிய அளவையே ஒன்பது கிலோவிலும் கொடுத்துக்கொண்டிருந்தோம். அளவு சரியாக இருந்தாலும் காய்ச்சல் வந்திருக்கலாம். எந்த மருந்தும் முழுக் காவல் அல்ல. ஆனாலும் மாதந்தோறும் எடை பார்த்து அளவைத் திருத்த வேண்டும் என்பதை மாத்திரைப் பெட்டியின் மேலேயே எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

அன்று இரவு இரண்டு மணிக்குப் பிள்ளையின் உடம்பு அனலாய்க் கொதித்தது. கையிலிருந்த பரிசோதனைப் பட்டையில், குதிகாலில் குத்தி எடுத்த ஒரு சொட்டு இரத்தம் பதினைந்து நிமிடத்தில் இரண்டாவது கோட்டைக் காட்டியது. மழையில் பாதை சேறாகிக் கிடந்ததால் வண்டி வராது. விடிந்த பிறகு, நான் சித்தெஞ்சேயில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு என் கணவரின் மோட்டார் சைக்கிளில் முப்பது கிலோமீட்டர் போனேன். நாங்கள் போய்ச் சேர்ந்த மருத்துவமனையில் மாத்திரை இருப்பு முந்தைய நாளே தீர்ந்திருந்தது. எங்கள் பையில் ஒரு முழுச் சுற்றுக்கான மாத்திரை இருந்ததால் அங்கிருந்த மருத்துவ அலுவலர் அதையே கொடுக்கச் சொன்னார். எல்ஏ என்று அங்கே சொல்லப்படும் அந்தக் கூட்டு மருந்து, ஐந்து கிலோவுக்கு மேல் பதினைந்து கிலோவுக்குள் உள்ள குழந்தைக்கு வேளைக்கு ஒரு மாத்திரை. முதல் மாத்திரைக்கு எட்டு மணி நேரம் கழித்து இரண்டாவது; பிறகு அடுத்த இரண்டு நாளும் காலை மாலை. கொழுப்போடு சேர்ந்தால்தான் உடலில் நன்றாகச் சேரும் என்பதால், பால் கொடுத்த கையோடு பொடித்துப் புகட்ட வேண்டும். அந்த வரிசையில் எங்களோடு காத்திருந்து, மாத்திரை இல்லை என்ற பதிலோடு திரும்பி நடந்த தாய்மாரின் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மூன்று வாரம் கழித்து மீண்டும் காய்ச்சல் வந்தபோது பட்டை மறுபடியும் இரண்டு கோடு காட்டியது. பதறிவிட்டோம். கிருமி அழிந்த பிறகும் அதன் புரதம் சில வாரம் இரத்தத்தில் தங்கும். பட்டை அதைத்தான் காட்டுகிறது. அந்த நாட்களில் நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் நம்பத்தக்கது. அப்படிப் பார்த்ததில் அது சாதாரணச் சளிக் காய்ச்சல்.

அந்த ஆண்டு ஈஸ்டருக்குப் பிறகு, வடக்கே ஏரிக்கரையில் உள்ள பண்டாவேக்குப் போனோம். ஸ்காட்லாந்திலிருந்து வந்த லிவிங்ஸ்டோனியா மிஷன், ஏரியின் தென்பகுதியிலுள்ள கேப் மக்லியரில் ஆட்களைப் பறிகொடுத்து 1881-ல் பண்டாவேக்கு இடம்பெயர்ந்து, அங்கும் மலேரியாவுக்குப் பலரைப் பறிகொடுத்து, 1894-ல் மலையுச்சிக்குப் போயிற்று. மிஷனை நடத்திய டாக்டர் ராபர்ட் லாஸ், அந்த ஏரிக்கரையில்தான் குடும்பம் நடத்தினார். ஒரே மகளுக்கு ஏரியின் அன்றைய பெயரையும் சேர்த்து அமீலியா நியாசா என்று பெயரிட்டார். கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியை ரொனால்டு ராஸ் நம் செகந்தராபாத்தில் கண்டது 1897-ல்தான். மலையேறியவர்களுக்குத் தாங்கள் எதிலிருந்து தப்பி ஓடுகிறோம் என்பதே தெரியாது. மணலில் வரிசையாக இருந்த கல்லறைகளுக்கு நடுவே மகன் தவழ்ந்து விளையாடினான். அவனை அங்கிருந்து தூக்கிக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது, தூக்கிக்கொண்டேன்.

இப்போது அந்தத் தவறுக்கு வருகிறேன். மாதம் ஒருமுறை, மாமரத்தடியில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு எடை பார்ப்பார்கள். தராசு என்ற பொருளில் அதற்குச் சிகேலோ என்று பெயர். கிளையில் தொங்கும் தராசின் கொக்கியில், கால் நுழையும் துணித் தொட்டிலோடு பிள்ளையை மாட்ட வேண்டும். ஒவ்வொரு தாயும் கையில் பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தோடு பாட்டுப் பாடிக்கொண்டே வரிசையில் நகர்வாள். ஜனவரி முதல் மார்ச் வரை அங்கே பசிக்காலம். பழைய சோளம் தீர்ந்து, புதியது முற்றாத மாதங்கள். அந்த மார்ச்சில் என் மகனின் எடைக் கோடு மேலே ஏறிக்கொண்டிருந்தது. எங்களுக்கு அடுத்து வந்தது அகோகோவின் கொள்ளுப்பேரன், ஏழு மாதப் பிள்ளை. சுகாதார ஊழியர் அவன் மேற்கையில், சுற்றளவை நிறத்தால் காட்டும் நாடாவைச் சுற்றினார். நாடா சிவப்பில் நின்றது. 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் சிவப்பு, கடும் ஊட்டக்குறைவு. எத்தனை முறை வயிற்றுப்போக்கு வந்தது என்று அவர் கேட்டார். பிறந்ததிலிருந்தே என்றாள் இளம் தாய். தாய்ப்பாலோடு வேறு என்ன கொடுத்தாய் என்று கேட்டதற்கு அகோகோதான் முன்வந்து, பெருமையோடு, என்னைக் கை நீட்டிக் காட்டிப் பதில் சொன்னார்: வேர்த் தண்ணீர், இந்த அம்வென்யே பிள்ளையை இப்படி வளர்த்ததும் அதுதான்.

எனக்குத் தரை நழுவியது. அந்த ஊரில் அவர் வைத்தியத்துக்கு விளம்பரப் பலகையாய் இருந்தது என் மகன். எழுதி மாட்டியவள் நான். முதல் நாளே, "எங்கள் வழக்கம் வேறு, அகோகோ, ஆறு மாதம் வரை பால் மட்டும்தான்" என்று சொல்லியிருந்தால் அவர் கோபித்திருப்பார், ஒரு வாரம் வராமல் இருந்திருப்பார். என் மரியாதை என்பது பாதிக்கு மேல் கோழைத்தனம். வேர் மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன்; பசிக்காலமும் அசுத்தமான குழி நீரும் சேர்ந்துதான் பிள்ளையை உருக்கின. ஆனால் நான் மறைத்ததும் அதில் சேர்ந்திருந்தது.

அன்று மாலை அவர் வீட்டுக்குப் போய், எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிச்சேவாவில் எல்லாவற்றையும் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியானால் என் குவளையை ஒவ்வொரு முறையும் ஏன் கழுவித் தந்தாய்?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகு என் வாசலில் "ஓடி" கேட்கவில்லை.

பிள்ளைக்குச் சிபோண்டே தொடங்கினார்கள். நிலக்கடலை, பால்மாவு, எண்ணெய், சர்க்கரை சேர்த்த பசை அது. கடும் ஊட்டக்குறைவுள்ள பிள்ளைகளை மருத்துவமனையில் படுக்க வைக்காமல் வீட்டிலேயே இதைக் கொடுத்துத் தேற்றும் முறையை முதலில் சோதித்துப் பார்த்த நாடுகளில் மலாவியும் ஒன்று. கொதிக்க வைத்த தண்ணீரை நாள்தோறும் காலையில் மூடிய குடத்தில் நான் அந்த வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தேன். மாலையில் காலிக் குடம் என் வாசலில் இருக்கும். யார் கொண்டுவந்து வைத்தது என்று தெரியாது.

அடுத்த மாதச் சிகேலோவில் நாடா மஞ்சளுக்கு வந்திருந்தது. நம்பிக்கையில்லாமல் அகோகோ ஊழியரை மறுபடியும் சுற்றச் சொன்னார், மறுபடியும் மஞ்சள்தான். அன்று சாயங்காலம் வாசலில் "ஓடி" என்ற குரல் கேட்டது. கையில் அதே எனாமல் குவளை. அதில் சோளமாவும் முளைக்கட்டிய மாவெரேயும் சேர்த்துப் புளிக்க வைத்த இனிப்பான தொப்வா. குழந்தைக்கு இல்லை, உனக்கு என்று நீட்டினார். நான் குடித்து முடித்துக் குவளையைக் கவிழ்த்துக் காட்டும் வரை அவர் வாசலை விட்டு நகரவில்லை.